குமரன் சாலையில் நின்று அதைக் கேட்காதே!

சுற்றுச்சூழல் பாடத்தில் உனக்கு எத்தனை மதிப்பெண், தம்பி? உனக்கு எத்தனை, தங்கச்சி?

நல்ல மதிப்பெண்ணாகத்தான் இருக்கும். பி.காம். படித்தாலும் பி.எஸ்சி. படித்தாலும், தமிழ் இலக்கியம் படித்தாலும் ஆடை வடிவமைப்பு படித்தாலும் அந்தத் தாளை எழுதாமல் தப்பிக்க முடியாது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின் வழியாக வந்த பாடம் அது. ‘நீர் மாசடைவதற்கான காரணங்களை விவரி’ என்ற கேள்விக்கு நான்கு பக்கம் எழுதியிருப்பாய். நொய்யல் ஆற்றையே உதாரணம் காட்டியிருப்பாய். திருத்தியவர் சிவப்பு மையில் ஒரு டிக் போட்டிருப்பார்.

தேர்வு முடிந்து வெளியே வந்தாய். வாசலில் ஒரு டீ. குடித்து முடித்த காகிதக் கப் எங்கே போய் விழுந்தது?

கோபப்படாதே. உன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. ‘இந்தக் காலத்துப் பசங்களுக்கு எதிலும் அக்கறை கிடையாது’ என்று திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் கட்சியிலும் நான் இல்லை. உனக்கு அக்கறை இருக்கிறது. திருப்பூரில் எந்தக் கல்லூரி வகுப்பில் போய் ‘நொய்யல் சுத்தமாக ஓட வேண்டுமா?’ என்று கேட்டாலும் எல்லாக் கையும் உயரும். ‘சரி, சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஓடைக்கரைக்கு யார் யார் வருகிறீர்கள்?’ என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பார். கைகள் ஒவ்வொன்றாக இறங்கும். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: “நாம ஒருத்தர் ரெண்டு பேர் போயி என்னங்க ஆகப்போகுது?”

உயர்ந்த கையை இறக்கியது அந்த ஒரு வாக்கியம்தான். அதைச் சொன்னவனுக்கு நொய்யல் மீது வெறுப்பில்லை. தன் மீது நம்பிக்கையில்லை. அக்கறைக்கும் செயலுக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலத்தின் பெயர் தன்னம்பிக்கை. மார்க் வாங்கவும் நேர்காணலில் ஜெயிக்கவும் மட்டும் தன்னம்பிக்கை என்று யாரோ உனக்குக் குறைத்துச் சொல்லிவிட்டார்கள். ஓர் ஆற்றைக் காப்பதற்கும் அதுதான் வேண்டும்!

புகை சூழ்ந்த அறை

1968-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பிப் லட்டானே, ஜான் டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் செய்த சோதனை. மாணவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். அவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே சுவரிலிருந்த துவாரத்தின் வழியாக அறைக்குள் புகையை விட்டார்கள். தனியாக உட்கார்ந்திருந்த மாணவர்களில் நூற்றுக்கு 75 பேர் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். வேறு சிலருக்குப் பக்கத்தில் இரண்டு பேரை உட்காரவைத்து, எது நடந்தாலும் கண்டுகொள்ளாமல் இருக்கும்படி அந்த இருவருக்கும் முன்பே சொல்லிவைத்தார்கள். அப்போது எழுந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்தான். மற்றவர்கள் இருமிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் படிவத்தையே நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் என்ன கல்நெஞ்சக்காரர்களா? உன்னைப் போன்ற கல்லூரிப் பிள்ளைகள்தான். பக்கத்தில் இருப்பவன் சும்மா இருக்கிறான், அப்படியானால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். கூட்டம் பெருகப் பெருக பொறுப்பு கரைந்துபோகிறது. லட்சக்கணக்கானவர்கள் வாழும் ஊரில் அது எவ்வளவு கரையும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

1977-இல் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் இதற்கு மருந்து சொன்னார். ‘இதை என்னால் செய்ய முடியும்’ என்று ஒருவன் நம்புகிறானா இல்லையா என்பதுதான் அவன் முயல்வானா, முயன்றால் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிப்பான் என்பதைத் தீர்மானிக்கிறது என்றார். அந்த நம்பிக்கை நான்கு வழியில் வரும். முதலாவது, தானே செய்து ஜெயித்த அனுபவம். இரண்டாவது, தன்னைப் போன்ற ஒருவர் செய்து ஜெயிப்பதைக் காண்பது. மூன்றாவது, பிறர் தரும் ஊக்கச் சொல். நான்காவது, அந்த நேரத்து உடலும் மனமும் இருக்கும் நிலை. நான்கிலும் வலிமையானது முதலாவது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீ இப்போது படித்துக்கொண்டிருப்பது மூன்றாவது வகை. வீர வசனத்துக்கு ஆயுள் இரண்டு நாள். ஆகவே வசனத்தோடு நிறுத்தப்போவதில்லை. முதலில், இதே மண்ணில் செய்து காட்டியவர்களைக் காட்டுகிறேன். பிறகு நீ செய்து ஜெயிக்க வேண்டிய வேலையைச் சொல்கிறேன்.

ஆற்றின் கீழ்க்கரையிலிருந்து வந்த கேள்வி

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற பெயருள்ள ஊருக்கு அருகே காவிரியில் சேர்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பனியன் ஏற்றுமதி பெருகப் பெருக, ஆற்றோரம் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் பெருகின. 1992-இல் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை எழுந்தது. வயலுக்குத் தண்ணீர் தர வேண்டிய அந்த அணை, சாயத்தண்ணீரைத் தேக்கிவைக்கும் தொட்டியாகிப் போனது.

ஏன் அப்படி ஆனது? வேதியியல் படிக்கும் தம்பிக்கு எளிதாகப் புரியும். தண்ணீரில் நனைந்த பருத்தி இழைக்கு எதிர்மின் தன்மை. அதில் ஏற்றும் ரியாக்டிவ் சாயத்துக்கும் அதே எதிர்மின் தன்மை. ஒன்றையொன்று தள்ளும். தள்ளாமல் நூலில் சாயம் இறங்குவதற்காகத்தான் தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார்கள். சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்பு தங்காது. கொட்டிய உப்பு அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வந்தாக வேண்டும். நிறத்தை நீக்கிவிடலாம், நாற்றத்தை நீக்கிவிடலாம், கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பால் நீக்க முடியாது. பார்வைக்குத் தெளிவாகத் தெரிந்த தண்ணீர்கூட வயலுக்குள் போய் மண்ணை உப்பளமாக்கியது இப்படித்தான். கிணறுகள் உவர்த்தன. தென்னை காய்ப்பை நிறுத்தியது. குடிநீருக்கு லாரியை எதிர்பார்த்து நிற்கும் நிலை வந்தது.

பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு இழப்பீடு கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது. 2004-இல் அது 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் என்று தீர்மானித்தது. வகுத்துப் பார். ஆளுக்குச் சராசரியாக ஒன்பதாயிரம் ரூபாய்கூட வராது. பாட்டன் பூட்டன் காலத்துக் காடு தோட்டம் பல ஆண்டுகள் பாழானதற்கு விலை அது!

ஆனால் அந்த மக்கள் அழுதுகொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. மம்பட்டி பிடித்த கைகள் மனு எழுதின. நொய்யல் ஆற்று ஆயக்கட்டு விவசாயிகள் பாதுகாப்புச் சங்கம் என்று கூடினார்கள். 2003-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். எதிரே நின்றது அந்நியச் செலாவணியை அள்ளிக்கொண்டு வரும் ஒரு தொழில். ‘எங்களால் ஆகுமா?’ என்று அவர்கள் யோசித்திருந்தால் அதில் நியாயம் இருந்திருக்கும். ஆனாலும் போனார்கள்.

2006 டிசம்பர் 22 அன்று தீர்ப்பு வந்தது. வெளியே விடும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி, 8 பைசா, 10 பைசா என்று ஏறும் அபராதம். ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் கலக்காத நிலைக்கு வர வேண்டும் என்ற கெடு. சாயப்பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உறுதிசெய்தது. அதன் பிறகும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே அடியில் நின்றன.

அந்த நாள்களில் உன் அப்பாவோ அம்மாவோ பனியன் கம்பெனியில் இருந்திருந்தால் கேட்டுப் பார். வேலை இல்லாத வாரங்கள். வாடகை கட்ட முடியாமல் ஊருக்குப் பஸ் ஏறிய குடும்பங்கள். சாயம் ஏற்ற வெளியூருக்கு லாரியில் போன துணி. ‘சுற்றுச்சூழலைப் பார்த்தால் சோறு போய்விடும்’ என்று அன்று பலர் சொன்னார்கள். நன்றாக யோசி. சோற்றைப் பறித்தது எது? பத்துப் பதினைந்து ஆண்டுகள் தள்ளிப்போட்ட பொறுப்பு. சிறு செலவாக இருந்தபோது செய்யாததை, முழுத் தொழிலும் முடங்கிய பிறகு வட்டியும் முதலுமாகச் செய்ய வேண்டி வந்தது. ஆற்றையும் இழந்து வேலையையும் இழந்து கற்ற பாடம் அது. அந்தப் பாடத்துக்கு ஊர் கட்டிய கட்டணம், நீ கல்லூரியில் கட்டும் எந்தக் கட்டணத்தையும்விடப் பெரியது.

பிறகுதான் திருப்பூர் தன் குணத்தைக் காட்டியது. நுண்ணுயிர்களால் கழிவைச் செரிக்கவைப்பது, சவ்வு வடிகட்டிகளில் உப்பைப் பிரிப்பது, மிஞ்சும் உவர்நீரைக் காய்ச்சி உப்பைத் திரும்ப எடுப்பது என்று ஒரு முழுச் சங்கிலியையே கட்டியது. தண்ணீரில் பெரும்பகுதி மறுபடி சாயத்தொட்டிக்கே போகிறது. மீட்ட உப்பும் திரும்பப் பயன்படுகிறது. ஒரு தொழில் நகரமே இந்த அளவில் இப்படி மாறியது இந்தியாவுக்கே முன்னோடி. முடியவே முடியாது என்று சொல்லப்பட்ட வேலை அது. இன்று அன்றாடம் நடக்கிறது!

எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஊர்ச் சாக்கடை இன்னும் ஆற்றில் கலக்கிறது. மழை வலுத்தால் ஆறு நிறம் மாறி நுரை பொங்குவதாகச் செய்தி வருகிறது. பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் குவிகிறது. மாநகரக் குப்பை பாறைக்குழிகளுக்குப் போகிறது, பக்கத்துக் கிராமத்து மக்கள் மறியலில் உட்காருகிறார்கள். விவசாயிகள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது உன் பங்கு.

ஒருத்தன் போதுமா?

‘நான் ஒருத்தன் என்ன செய்ய முடியும்?’ என்று எங்கே வேண்டுமானாலும் நின்று கேள். குமரன் சாலையில் நின்று மட்டும் கேட்காதே! 1932 ஜனவரி 10 அன்று இந்த ஊர்த் தெருவில் கொடியோடு நடந்து, அடிபட்டு, மறுநாள் உயிர்விட்ட சென்னிமலைக்காரர் திருப்பூர் குமரனுக்கு அப்போது வயது 27. உன்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அவ்வளவுதான். அன்றைய ஊர்வலத்தில் வந்தவர்கள் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சிறு கூட்டம். எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணிவிட்டுப் போகலாம் என்று அவர் உட்கார்ந்திருந்தால் அந்தச் சாலைக்கு வேறு பெயர் இருந்திருக்கும்.

அது பழைய கதை என்கிறாயா? சரி, உன் தெருவிலேயே ஓடும் நிட்டிங் மெஷினைப் பார். வட்டமாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிகள். அதில் ஒரே ஒரு ஊசி முறிந்தால் என்ன ஆகும்? துணி நெடுகிலும் ஒரு கோடு விழும். செக்கிங்கில் அந்த ரோல் முழுவதும் தள்ளுபடி. ‘ரெண்டாயிரத்துல நான் ஒரு ஊசிதானே’ என்று எந்த ஊசியும் சொல்ல முடியாது. ஊர் என்னும் துணியில் நீ அப்படி ஓர் ஊசி.

குளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள்

போராட்டம், வழக்கு என்றால் உனக்குப் பயமாக இருக்கலாம். இன்னொரு வழியும் இதே ஊரில் இருக்கிறது. ஊத்துக்குளி சாலைப் பக்கம் நஞ்சராயன் குளம். நல்லாற்று நீரால் நிரம்பும் சுமார் 126 ஹெக்டேர் நீர்ப்பரப்பு. தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் நெருக்கும் இடம். இப்படிப்பட்ட குளங்கள் எத்தனையோ ஊர்களில் பேருந்து நிலையமாகவும் குப்பைமேடாகவும் மாறியிருக்கின்றன.

இந்தக் குளம் தப்பியதற்கு ஒரு காரணம், அதைச் சிலர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். திருப்பூர் இயற்கைக் கழகத்தைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் விடிகாலையில் பைனாகுலரோடு போனார்கள். என்ன பறவை, எத்தனை, எந்த மாதம் என்று குறித்துவைத்தார்கள். இமயத்தைத் தாண்டி வலசை வரும் பட்டைத்தலை வாத்தும் அந்தக் குறிப்பில் இருந்தது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அந்தக் குறிப்புகள் ஆதாரமாயின. 2022-இல் தமிழக அரசு நஞ்சராயன் குளத்தை மாநிலத்தின் 17-வது பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்ட் மாதம் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. 191 வகைப் பறவைகள் அங்கே பதிவாகியிருக்கின்றன.

கவனித்தாயா? அவர்கள் கையில் இருந்தது ஒரு பைனாகுலர், ஒரு நோட்டு, விடாப்பிடி. மைக்கும் கட்-அவுட்டும் இல்லை. தொடர்ந்து பார்ப்பதும் பார்த்ததை எழுதிவைப்பதும் எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதற்கு ஊரிலேயே சான்று இருக்கிறது. 2015-இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ இயக்கமும் அப்படித்தான். மரம் நட்டுப் போட்டோ எடுப்பவர்கள் நிறையப் பேர். நட்ட கன்றுக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றுபவர்கள்தான் காட்டை உண்டாக்குகிறார்கள். அந்த இயக்கத்தால் லட்சக்கணக்கான கன்றுகள் இந்த மாவட்டத்து மண்ணில் இறங்கியிருக்கின்றன.

நாளை நீ உட்காரப்போகும் நாற்காலி

வேறு ஊர் மாணவனுக்கும் உனக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வேறு ஊரில் படிப்பவன் சுற்றுச்சூழலைப் பற்றிக் கருத்து வைத்துக்கொள்ளலாம். உன் கருத்து மூன்றே ஆண்டில் ஒரு கையெழுத்தாக மாறும்.

நீ மெர்ச்சண்டைசர் ஆவாய். விலை குறைவு என்பதற்காக எந்தப் பட்டறைக்குத் துணி போகிறது என்று முடிவு செய்யும் இடத்தில் உட்காருவாய். நீ சாயப்பட்டறையில் கெமிஸ்ட் ஆவாய். இரவு ஷிப்டில் வால்வைத் திறக்கச் சொல்லி ஒரு குரல் வரும்போது நீதான் அங்கே நிற்பாய். நீ கணக்கர் ஆவாய், சுத்திகரிப்புச் செலவை வெட்டலாமா என்று உன்னைக் கேட்பார்கள். நீ வழக்கறிஞர் ஆவாய், பொறியாளர் ஆவாய், கவுன்சிலர் ஆவாய். அப்பாவின் கம்பெனியை எடுத்து நடத்தும் பிள்ளையாகவும் இருப்பாய். 2024-25 நிதியாண்டில் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் இது. அந்தத் தொழிலின் அடுத்த தலைமுறை இப்போது எந்த வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறது? உன் வகுப்பறையில்!

‘படிப்பும் வேலையும் முதலில், இதெல்லாம் பிறகு’ என்பாய். காலம் மாறிவிட்டது. ஐரோப்பாவின் புதிய விதிமுறை 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்துவிட்டது. விற்காத ஆடைகளைப் பெரிய நிறுவனங்கள் அழித்துவிட முடியாது என்கிறது. ஒரு பொருள் எதனால், எப்படி ஆனது என்று சொல்லும் டிஜிட்டல் பாஸ்போர்ட் வேண்டும் என்ற ஏற்பாடும் அதில் இருக்கிறது. இனிமேல் பையர் தையலை மட்டும் பார்க்க மாட்டார். தண்ணீர்க் கணக்கைக் கேட்பார், சாயக் கணக்கைக் கேட்பார், தைத்தவருக்கு என்ன கூலி என்று கேட்பார். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இந்த ஊரில் வேலை தேடி வரும். நேர்மையான பதிலைச் சொல்லும் துணிவுள்ள பிள்ளைக்கு மரியாதையும் சேர்ந்து வரும்.

அந்தத் துணிவு நாற்காலியில் உட்கார்ந்த பிறகு திடீரென்று முளைக்காது. கல்லூரியில் ஒரு கப்பைக் குப்பைத்தொட்டி வரை கொண்டுபோகச் சோம்பியவன், கம்பெனியில் ஒரு வால்வை மூடச் சொல்லி முதலாளியிடம் வாதாடுவானா? சின்ன இடத்தில் பழகாத முதுகெலும்பு பெரிய இடத்தில் நிமிராது.

செய்து ஜெயி!

ஆகவே முதல் வெற்றியை இப்போதே சம்பாதி. சிறியதாக எடு. முடிக்கக் கூடியதாக எடு. முடிந்ததா இல்லையா என்று எண்ணிப் பார்க்கக் கூடியதாக எடு. ‘பூமியைக் காப்போம்’ என்று பேனர் பிடிக்காதே. அந்த ஃபிளெக்ஸ் பேனரே நாளைக்குக் குப்பை!

ஒன்று. உன் கல்லூரி கேண்டீனில் ஒரு வாரம் எத்தனை ஒருமுறைக் கப்புகள் போகின்றன என்று எண்ணு. எண்ணிக்கையோடு முதல்வரைப் போய்ப் பார். சில்வர் டம்ளர் வேண்டும் என்று கேள். தமிழகத்தில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப் உள்ளிட்ட 14 வகைப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. சட்டம் உன் பக்கம். அடுத்த மாதம் மறுபடி எண்ணு. குறைந்திருந்தால் அது உன் வெற்றி.

இரண்டு. தண்ணீரில் கரைந்த பொருளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நான்கு நண்பர்கள் பணம் போட்டு ஒன்று வாங்குங்கள். உங்கள் ஊர்க் கிணறு, போர்வெல், ஓடைத் தண்ணீரை மாதம் ஒருமுறை அதே இடத்தில் அளந்து எழுதுங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைபொருள் வரை என்பது இந்தியத் தர அளவு. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. உங்கள் கிணறு எங்கே நிற்கிறது? ஒரு வருடக் குறிப்பு சேர்ந்தால் அதை எந்த அதிகாரியும் சிரித்துத் தள்ளிவிட முடியாது.

மூன்று. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உனக்கும் உரியது. கட்டணம் பத்து ரூபாய்தான். உன் பகுதியில் ஆற்று நீரை எப்போது சோதித்தார்கள், முடிவு என்ன என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதிக் கேள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். ஒரு தாளில் நீ கேட்ட கேள்விக்கு அரசு முத்திரையோடு பதில் வரும் நாளில் உன் நடையே மாறும். எழுதிப் பார், தெரியும்.

நான்கு. இன்டர்ன்ஷிப்புக்கும் புராஜெக்டுக்கும் போகும் இடத்தில் ஒரு கேள்வி கேள்: ‘இந்தத் துணியின் சாயத்தண்ணீர் எங்கே போகிறது?’ சண்டைக்காரனாகக் கேட்காதே, கற்றுக்கொள்ள வந்தவனாகக் கேள். சுத்திகரிப்பு நிலையத்தைச் சுற்றிப் பார்க்க அனுமதி வாங்கு. காய்ச்சிய உப்பைக் கையில் எடுத்துப் பார். எடுபடாமல் கிடக்கும் அந்தக் கலப்பு உப்புக்கு ஒரு வழி கண்டுபிடிப்பவன் உன் வகுப்பில் இருந்து ஏன் வரக் கூடாது?

ஐந்து. உன் தெருவின் லைன் வீடுகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். உன் ஊரின் ஏற்றுமதியை அவர்கள் கைகளும் தைக்கின்றன. தகரக் கூரையின் கீழ் வெக்கையிலும், குடம் தண்ணீருக்கு வரிசையிலும் முதலில் வாடுபவர்கள் அவர்கள்தான். ‘அவங்களாலதான் ஊர் குப்பை’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. மக்கும் குப்பை எது, மக்காத குப்பை எது என்று அவர்கள் மொழியில் ஒரு தாள் எழுதி ஒட்ட யார் முன்வந்தார்கள்? உனக்கு அரைகுறை இந்தி தெரிந்தால் போதும். மண்ணைக் காப்பதும் மனிதரைக் காப்பதும் இரண்டு தனித்தனி வேலைகள் என்று எண்ணாதே.

கல்லூரி விட்டு ஓவர்லாக்கில் உட்காரும் தங்கச்சிக்கு

உனக்குத் தனியாக ஒரு வார்த்தை. காலையில் கல்லூரி, மாலையில் கம்பெனி, சீசன் வந்தால் ஒன்றரை ஷிப்ட். ‘இதெல்லாம் காசு இருக்கிறவங்க பார்க்க வேண்டிய வேலை, எனக்கு ஏதுங்க நேரம்?’ என்று நீ கேட்டால் உன்னிடம் குரலை உயர்த்த எனக்குத் தகுதியில்லை. ஆனால் இதைக் கேள். மேலே சொன்ன வேலைகளில் பணக்காரர்களுக்கு என்று எது இருக்கிறது? டீ குடிக்கச் சொந்த டம்ளர் கொண்டுபோவதற்குப் பணம் வேண்டாம். கட்டிங் வேஸ்டையும் பிளாஸ்டிக் கவரையும் ஒன்றாகச் சேர்த்துக் கொளுத்தாமல் பிரித்துவைப்பதற்குப் பட்டம் வேண்டாம். பிரித்த துணிக்கழிவு மறுபடி நூலாகும் ஊர் இது, கொளுத்தியது புகையாகும். கம்பெனிக்குள் என்ன நடக்கிறது என்று ஏசி அறையில் ஆய்வு செய்பவருக்குத் தெரிந்ததைவிட உனக்கு அதிகம் தெரியும். அதுதான் உன் பலம். வகுப்பறையும் தெரிந்து, தையல் மேசையும் தெரிந்த தலைமுறை இந்த ஊருக்கு இதற்கு முன் இவ்வளவு பெரிதாக வாய்த்ததில்லை.

‘அரசு செய்யட்டும், முதலாளி செய்யட்டும்’ என்று இன்னொரு குரல் வரும். செய்யத்தான் வேண்டும், விடக் கூடாது. ஆனால் கேட்பவர் இல்லாத இடத்தில் அரசும் செய்யாது, முதலாளியும் செய்ய மாட்டார். கீழ்க்கரைக் குடியானவர்கள் கேட்ட பிறகுதான் ஆணை வந்தது. இயற்கைச் சூழலைக் காப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று, 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த அரசியலமைப்பின் 51-அ பிரிவு சொல்லிக்கொண்டிருக்கிறது. காடு, ஏரி, ஆறு, காட்டுயிர் என்று பெயர் சொல்லியே பட்டியலிடுகிறது. அந்தக் கடமைதான் உன் கேள்விக்கு உரிமையும் தருகிறது. கடமையைச் செய்கிறவன் கேட்கும் கேள்விக்கு எடை அதிகம்.

முதல் முறை நீ போகும்போது சிரிப்பார்கள். ‘பெரிய சமூக சேவகர் வந்துட்டாரு’ என்பார்கள். இரண்டாம் முறையும் சிரிப்பார்கள். மூன்றாம் முறை என்ன செய்கிறாய் என்று பக்கத்தில் வந்து எட்டிப் பார்ப்பார்கள். கேண்டீன்காரர் முறைப்பார், அலுவலகத்தில் அலைக்கழிப்பார்கள், அளந்த எண் உனக்கே சோர்வு தரும். தாங்கு! 2003-இல் வழக்குப் போட்டவர்கள் 2011 வரை நீதிமன்றப் படி ஏறினார்கள். உன்னிடம் ஒரு செமஸ்டர் கேட்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது போனை எடு. ரீல்ஸ் பக்கம் போகாமல் நேராக வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போ. மேலே சொன்ன ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடு. நாள், நேரம், இடம் மூன்றையும் எழுது. ‘யாராவது வர்றீங்களா?’ என்று கேட்டு எழுதாதே. ‘சனிக்கிழமை காலை ஆறரைக்கு நான் போகிறேன்’ என்று எழுது. பத்துப் பேர் வந்தால் பத்துப் பேரோடு போ. இரண்டு பேர் வந்தால் இரண்டு பேரோடு போ. ஒருவரும் வராவிட்டாலும் போய், வேலையை முடித்து, எண்ணிக்கையைக் குழுவில் போடு. அடுத்த சனிக்கிழமை நீ தனியாக நிற்க மாட்டாய்!